பாசிக்குப் போற எங்கம்மாவும் தேசியப் பூங்காக் கோடும்

பாசிக்காரி மகள் | திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரெண்டு வருஷமா வாசிச்சுக்கிட்டு இருக்கேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

எங்க ஊர் ராமநாதபுரம் மாவட்டத்துல, மன்னார் வளைகுடாக் கரையில இருக்கிற சின்ன ஊர். அம்மாவுக்கு இப்ப 58 வயசு. பதிமூணு வயசுல எங்க அம்மாச்சியோட பாசிக்குப் போக ஆரம்பிச்சாங்க. விடியக்காலம் சோறாக்கி, தூக்குவாளியில எடுத்துக்கிட்டு, பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க ஒரே வத்தையில ஏறித் தீவுப் பக்கம் போவாங்க. டீசல் காசை ஆளுக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக்குவாங்க. சேலைக்கு மேல பழைய சட்டை. கண்ணுக்குக் கண்ணாடி. விரல் பத்துக்கும் கிழிச்ச துணியைச் சுத்திக்கிட்டு, இடுப்புல வலைப்பையைக் கட்டிக்கிட்டு இறங்குவாங்க. சிலிண்டர் கிலிண்டர் எதுவும் கிடையாது. மூச்சைப் புடிச்சு முங்கி, பார்க்கல்லுல ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளிக்கிட்டு மேல வரணும். அப்படி ஆறேழு மணி நேரம். கரைக்கு வந்து மணல்ல காயவச்சு, கல்லு சிப்பி பொறுக்கி, வியாபாரிகிட்ட போட்டா அது மதுரைப் பக்கம், பாசியைக் காய்ச்சி அகர்ங்கிற ஜெல்லிப் பொருள் எடுக்கிற ஆலைக்குப் போகும். நான் காலேஜ் படிச்சதும் தம்பி ஐடிஐ படிச்சதும் அந்த வலைப்பையிலதான்.

போன மாசம் அமாவாசைக்கு மறுநாள் அம்மா போன வத்தையை அதிகாரிங்க படகு மறிச்சிருக்கு. "பூங்கா எல்லைக்குள்ள வந்துட்டீங்க"ன்னு சொல்லி, நெறஞ்சிருந்த பை எல்லாத்தையும் கடல்லயே கொட்ட வச்சிருக்காங்க. கண்ணாடியையும் வாங்கிக்கிட்டாங்க. அம்மா வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாத்தாம திண்ணையில உக்காந்துட்டாங்க. காசு போச்சேன்னுதான் இப்படி இருக்காங்கன்னு நான் நெனச்சேன். அவங்க கேட்டது வேற. "பிடுங்குன பாசி திரும்ப ஒட்டாதுடி. அலையில அடிச்சு ஒதுங்கி அழுகத்தான் செய்யும். அவுக கொட்டச் சொன்னது யாருக்காக?"

1986ல 21 தீவையும் சுத்தியிருக்கிற கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. எங்கம்மா அதுக்கு முன்னாடியே முங்கிக்கிட்டு இருந்தவங்க. அவங்ககிட்ட யாரும் வந்து கேக்கலை. கோடு போட்டதே பல வருஷம் கழிச்சு, படகு வந்து விரட்டினப்போதான் தெரிஞ்சுது.

பவளப்பாறையைக் காப்பாத்த வேண்டாம்னு நான் சொல்ல வரலை. பார் செத்தா பாசி ஏது? ஆனா தலைமுறையா அந்தக் கடலைத் தொட்டுப் பார்த்துப் பிழைக்கிறவங்களைத் திருடின்னு வச்சுக் காப்பாத்துறதுதான் ஒரே வழியா? இதுல படிச்சவங்க, களத்துல இருக்கவங்க என்ன நினைக்கிறீங்க?

---

பவளப்பார் | திங்கள், இரவு 11:15

அக்கா, வணக்கம். நான் கடல் உயிரியல் படித்தவன். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைக் கணக்கெடுப்புக்காகப் பல வருடம் முங்கியிருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் மறுபக்கத்தையும் யாராவது சொல்லியாக வேண்டும்.

மரிக்கொழுந்து வளர்வது பெரும்பாலும் செத்த பவளக்கல்லில். அந்தக் கல்லை ஒட்டியே உயிர்ப்பவளமும் இருக்கும். பத்துப் பேர் ஒரே இடத்தில் நின்று மூச்சு வாங்கும்போது கால் எங்கே பதிகிறது என்பது முக்கியம். கிளைப்பவளம் முறிந்தால் திரும்ப வளர வருடக்கணக்காகும். நங்கூரம் போடும் இடமும் அப்படித்தான். கல்லைப் புரட்டிப் போட்டால் அதன் அடியில் வாழ்கிற சின்ன உயிரெல்லாம் போய்விடும்.

இன்னொன்று, பூங்கா ஏன் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்துப் படகு படகாகக் கொண்டுபோனார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. வான் தீவு கரைந்துகொண்டே இருக்கிறது, செயற்கைப் பாறைகளைப் போட்டுக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். ஆவுளியாவும் (கடற்பசு) ஆமையும் கறிக்குப் போன காலமும் அதுதான். சட்டம் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை தீவு போயிருக்கும்?

2010லும் 2016லும் கடல் சூடாகிப் பவளங்கள் வெளிறியதை நானே பார்த்தேன். முந்தின வாரம் பழுப்பும் பச்சையுமாக இருந்த பார், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. அப்படி நோஞ்சானாகக் கிடக்கிற பாரில் மிதி படுவதுகூடப் பெரிய சேதம். அந்தப் பயத்தில்தான் எங்களைப் போன்றவர்கள் "கொஞ்ச காலம் யாரும் தொடாதீர்கள்" என்கிறோம். பாசிப் பெண்கள் மேல் கோபம் எதுவும் கிடையாது.

---

கச்சான் | செவ்வாய், காலை 6:05

தம்பி பவளப்பார், நீங்க சொன்ன ரெண்டு தீவையும் மண்ணா, மரமா கண்ணால பார்த்தவன் நான். எனக்கு எழுபது தாண்டிருச்சு. பேரன் தட்டச்சு பண்ணித் தர்றான்.

கல்லு வெட்டுனது நெசம். கடப்பாரை புடிச்சது எங்க சனத்தோட கைதான், அதை மறைக்கலை. அன்னன்னைக்குக் கூலி. ஆனா அந்தக் கல்லு எங்க வீட்டுக்கா வந்துச்சு? லாரி ஏறிச் சூளைக்கும் ஆலைக்கும் போச்சு. அப்ப அதைத் தப்புன்னு சொல்ல எந்த அதிகாரியும் வரலை. ஆலைக்காரன் பேரு எந்த வழக்குலயும் இல்லை. இன்னைக்கு விரல்ல துணி சுத்திக்கிட்டுப் போற பொம்பளைதான் பாரை அழிக்கிறான்னா, நெஞ்சு பொறுக்கலை.

இழுவை மடியைப் பத்தி ஏன் யாரும் பேச மாட்டேங்கிறீக? எங்களுக்கு அது பழக்கமே இல்லாத தொழில். அறுபதுகள்ல நார்வேக்காரங்க திட்டம்னு மண்டபம் ஊர்ல பெரிய படகும் எந்திரமும் வந்துச்சு. அப்புறம் அரசாங்கமே கடனும் மானியமும் கொடுத்து எறால் புடிக்கச் சொல்லுச்சு. அடியில சங்கிலி கட்டி வாரிக்கிட்டுப் போற மடி அது. பாசி, குஞ்சு, கல்லு, எதையும் விடாது. 1983ல சட்டம் போட்டு, கரையில இருந்து மூணு கடல் மைலுக்குள்ள விசைப்படகு இழுக்கக் கூடாதுன்னாங்க. ராத்திரி எங்க ஊர்க் கரையில நின்னு பாருங்க, விளக்கு எவ்வளவு கிட்ட தெரியுதுன்னு. வத்தையை மறிக்கத் தெரிஞ்சவுகளுக்கு அந்த விளக்கு கண்ணுல படலையா?

---

அடையாற்றுக்காரன் | செவ்வாய், காலை 10:30

கச்சான் ஐயா சொல்வது நியாயம்தான். இருந்தாலும் ஒரு தவறு நடக்கிறது என்பதற்காக இன்னொன்றை அனுமதிக்க முடியுமா? நாட்டின் கடற்பரப்பில் மிகச் சிறிய பகுதிதான் தேசியப் பூங்கா. மனிதர் கை படாத இடம் என்று கொஞ்சமாவது மிஞ்ச வேண்டாமா? ஆமைக்கும் ஆவுளியாவுக்கும் வேறு போக்கிடம் இல்லை. மனிதர்களுக்கு மாற்றுத்தொழில் தரலாம். பாசி வளர்ப்புக்கு மானியம் கொடுக்கிறார்களே, மிதவை போட்டு வளர்த்து எடுக்கலாமே. பயிற்சி தருகிறார்கள், முங்க வேண்டியதும் இல்லை. அதை ஏற்றுக்கொள்வதில் என்ன தடை?

---

சட்டப்புத்தகம் | செவ்வாய், மதியம் 1:20

சட்டத்தில் இருப்பதைச் சொல்கிறேன். தெரியாமல் பேசினால் இரண்டு தரப்புக்கும் நட்டம்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சரணாலயம் வேறு, தேசியப் பூங்கா வேறு. சரணாலயத்தில், ஏற்கனவே இருந்துவந்த உரிமையைத் தொடர அனுமதிக்கச் சட்டத்திலேயே இடம் உண்டு. தேசியப் பூங்காவில் அது இல்லை. உரிமைகளை எல்லாம் தீர்த்து, நிலம் முழுவதும் அரசிடம் வந்த பிறகே பூங்கா முழுமையாகும். மேய்ச்சலே கூடாது என்று தனியாக எழுதியிருக்கிறது. ஆக, மன்னார் வளைகுடாவுக்குச் "சரணாலயம்" என்பதற்குப் பதிலாக "தேசியப் பூங்கா" என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தபோதே பாசிக்காரி மகளின் அம்மாவுக்கு இருந்த கதவு அடைபட்டுவிட்டது. அந்தச் சொல் காட்டை மனதில் வைத்து எழுதியது. வேலி போட முடிகிற இடத்துக்கான சட்டத்தைத் தண்ணீர் மேல் விரித்துவிட்டார்கள்.

பலருக்குத் தெரியாத வரி ஒன்று உண்டு. 26ஏ பிரிவு. கடற்பரப்பைச் சேர்ப்பதானால், உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்த பிறகே எல்லையை முடிவு செய்ய வேண்டும் என்கிறது. 35ஆம் பிரிவு வழியாகத் தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். ஆனால் இந்த வரி 1991 திருத்தத்தில் வந்தது. மன்னார் வளைகுடா அறிவிப்பு 1986. ஐந்து வருட இடைவெளியில் ஆயிரக்கணக்கான பெண்கள் விழுந்துவிட்டார்கள்.

2006 வன உரிமைச் சட்டம் உதவாதா என்று கேட்பீர்கள். அந்தச் சட்டத்தில் "வன நிலம்" என்பதில் தேசியப் பூங்காவும் அடங்கும். நீர்நிலைகளிலிருந்து மீன் எடுக்கும் உரிமையையும் அது பேசுகிறது. சிக்கல் வேறு இடத்தில். பழங்குடி அல்லாதவர் உரிமை கோரினால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்த வனத்தில் முதன்மையாக வசித்ததைக் காட்ட வேண்டும். இவர்கள் வசிப்பது கரையில், பிழைப்பது கடலில். தீவில் யாருக்கும் ரேஷன் கார்டு இல்லை. வனத்துக்குள் ஊர் இருக்கிறது என்ற கற்பனையில் எழுதிய சட்டம், கடல்புறத்து மக்களைப் பார்க்கத் தவறிவிட்டது.

---

பாசிக்காரி மகள் | செவ்வாய், இரவு 8:50

சட்டப்புத்தகம் சார், ரொம்ப நன்றி. "ஐந்து வருட இடைவெளி"ன்னு நீங்க எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். "அப்ப நான் நெறமாசமா முங்கிக்கிட்டு இருந்தேன்"னாங்க. அந்த அஞ்சு வருஷத்துக்குள்ளதான் என் தங்கச்சி பொறந்தா.

அடையாற்றுக்காரன் அண்ணே, மிதவையைப் பத்திக் கேட்டீங்க. எங்க கரையில அதுக்கு ஒரு பேரு உண்டு: பெப்சிப் பாசி. பேரே கதையைச் சொல்லும். காப்பாபைகஸ்னு வெளிநாட்டுப் பாசி, பிலிப்பைன்ஸ் பக்கத்துது. அரசாங்க ஆய்வு நிறுவனம் வளர்த்துப் பார்த்து, 2000க்கு அப்புறம் பெப்சி கம்பெனி வழியா எங்க பொம்பளைங்க கைக்கு வந்துச்சு. மூங்கிலைச் சதுரமாக் கட்டி, கயித்துல துண்டு துண்டா முடிஞ்சு தண்ணியில விட்டா ஒன்றரை மாசத்துல பல மடங்கு வரும். எங்க சித்தி மிதவை போட்டாங்க, நல்லாவே சம்பாதிச்சாங்க. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா ரெண்டு விஷயம் நடந்துச்சு. அந்தப் பாசி மிதவையோட நிக்கலை. பிய்ஞ்சு போன துண்டு குருசடைத் தீவுப் பவளத்துல ஏறிப் படர்ந்துச்சு. 2008லயே அதை ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதிட்டாங்க. பவளத்து மேல போர்வை போட்ட மாதிரி மூடி, வெளிச்சம் விடாம சாகடிக்கிறதுன்னு பவளப்பார் தம்பிக்கு நல்லாத் தெரியும். இன்னொண்ணு, 2013க்குப் பிறகு தண்ணி சூடாகி அந்தப் பாசி கூட்டங்கூட்டமா செத்துச்சு. கடன் வாங்கி மூங்கில் வாங்கினவங்க சித்தி மாதிரி எத்தனையோ பேர், அந்தக் கடனை அடைக்கத் திரும்பவும் கண்ணாடியை மாட்டிக்கிட்டுத் தீவுப் பக்கம்தான் போனாங்க.

ஆயிரம் வருஷமா அந்தப் பார்லயே மொளைக்கிற பாசியைக் கையால கிள்ளுறதுக்குத் தடை. எங்கிருந்தோ வந்த பாசிக்கு மானியம். 2023ல வளமாவூர்ல கடல்பாசிப் பூங்காவுக்கு 127 கோடிக்கு மேல ஒதுக்கி அடிக்கல் நாட்டியிருக்காங்க. நல்லது நடந்தா சந்தோஷம். அந்தத் திட்டத்தைத் தீட்டுறப்பவாவது மரிக்கொழுந்து எந்த மாசம் தளிர்க்கும்னு தெரிஞ்ச ஒருத்தியைக் கூட உக்கார வச்சாங்களா?

---

உப்பூர் மீனா | செவ்வாய், இரவு 9:30

அக்கா, எங்க பெரியம்மாவும் பாசிக்குப் போனவங்க. முங்கி முங்கி ஒரு காது கேக்காமப் போச்சு. விரல் நகம் எதுவும் முழுசா இருக்காது. மாற்றுத்தொழில் வந்தா முதல் ஆளாப் போவேன்னுதான் சொல்லுவாங்க. ஆனா யாராவது விரட்டிப் போக மாட்டேன்னும் சொல்லுவாங்க. இந்த ரெண்டையும் புரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க எல்லாரும்.

---

மேற்குமலை | புதன், காலை 7:45

கடல் எனக்குத் தெரியாது. காடு கொஞ்சம் தெரியும். சத்தியமங்கலத்தை ஒட்டி, கர்நாடகப் பக்கம் இருக்கிற பிலிகிரி ரங்கன் மலையில் சோளகர் என்ற பழங்குடி மக்கள் வருடத்தின் தொடக்கத்தில் சருகுக்குத் தீ வைப்பது வழக்கம். காய்ந்த இலை மட்டும் எரிகிற சின்னத் தீ. 1974ல் அது சரணாலயமானது. தீ வைத்தால் குற்றம் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. காட்டுக்குத் தீ நல்லதென்று எந்த அதிகாரி எழுதுவார்?

இப்போது அந்தக் காட்டுக்குள் போய்ப் பாருங்கள். உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மேல் அடர்ந்து கிடக்கிறது. புல் இல்லை, மான் நுழைய இடமில்லை. நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறிக் கிளை கிளையாகச் சாகிறது. சருகுத் தீயே புல்லுருவியையும் உண்ணிக்கன்றையும் அடக்கி வைத்திருந்தது என்று சோளகப் பெரியவர்கள் ஆரம்பத்திலேயே சொன்னார்கள். ஆராய்ச்சியாளர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்கப் பல வருடம் ஆனது. 2011 ஜனவரியில் அது புலிகள் காப்பகமானது. அதே வருடம் அக்டோபரில் 25 கிராம சபைகளுக்கு வன உரிமைச் சட்டப்படி சமூக உரிமைப் பட்டயம் கொடுத்தார்கள். இந்தியாவில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கொடுத்தது அதுவே முதல்முறை. பட்டயம் கிடைத்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை, ஆனால் அதிகாரியோடு உட்கார்ந்து பேச அவர்கள் கையில் ஒரு தாள் இருக்கிறது.

இன்னொரு இடம் ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் பூங்கா. 1982ல் எருமை மேய்க்கக் கூடாது என்று அடைத்தார்கள். சுற்றியிருந்த கிராமத்தார் உள்ளே நுழைந்தபோது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தி உயிர்கள் போயின. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பத்து வருடம் தொடர்ந்து ஆய்வு செய்தது. எருமை போன பிறகு ஒருவகைப் புல் தண்ணீர் முழுவதையும் அடைத்துக்கொண்டது, மீன் குறைந்தது, பறவைக்கும் இடம் சுருங்கியது என்று அந்த ஆய்வே சொன்னது. மேய்ச்சலால் பறவைக்குக் கெடுதல் என்று நம்பித் தடையை ஆதரித்தவர்களும் அதே வட்டாரத்து அறிஞர்கள்தாம். தங்கள் கணிப்பு தவறு என்று தாங்களே ஆய்வு செய்து வெளியிட்டார்கள், அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் சுடப்பட்டவர்களுக்கு அந்த அறிக்கையால் என்ன பயன்?

---

அடையாற்றுக்காரன் | புதன், காலை 11:10

பரத்பூர் விஷயம் எனக்குத் தெரியாது. காலையிலிருந்து உட்கார்ந்து தேடி வாசித்தேன். "மனிதர் கை படாத இடம்" என்று நான் எழுதியதை அப்படியே நிறுத்திவைக்க முடியாது என்று படுகிறது. அந்தச் சதுப்புநிலமே மனிதர் வெட்டி, கரை கட்டி உண்டாக்கியது என்பதைக்கூட நான் யோசித்ததில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி மனதில் நிற்கிறது. எருமை புல்லைத் தின்றது சரி. எல்லா வழக்கமும் அப்படி இயற்கைக்கு உதவுமா? கடல் அட்டையை (கடல் வெள்ளரி என்பார்களே, கடலடியில் ஊர்கிற உயிர்) எடுத்துக்கொள்ளுங்கள். விலை ஏறியதும் இருந்த இடமெல்லாம் காலியானதே. அங்கே ஊர்க் கட்டுப்பாடு என்ன செய்தது? உண்மையில் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

---

கச்சான் | புதன், மாலை 5:30

நல்ல கேள்வி. நேரா பதில் சொல்றேன்.

நான் அட்டை குளிச்சவன். எங்க அப்பா காலத்துல சின்ன அட்டை கையில பட்டா விட்டுருவாக. வேகவச்சுக் காயவச்சா விரல் நீளங்கூடத் தேறாது, அதை எடுத்தா வருஷம் வீணும்பாக. கச்சான் காத்து ஏறி தண்ணி கலங்குச்சுன்னா தொழிலே இல்லை. அந்த மாசத்துல அதுபாட்டுக்குப் பெருகும். காத்தே எங்களுக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு.

அப்புறம் விலை ஏறுச்சு. சிங்கப்பூர், சீனாவுக்குப் போகுதுன்னாங்க. வெளியூர்ல இருந்து முதலாளி வந்து முன்பணம் கொடுத்தான். முன்பணம் வாங்குனவன் சின்னது பெருசு பார்க்க முடியாது, எடை காட்டணும். நானும் வாங்கினேன். சின்ன அட்டையையும் எடுத்தேன். அதை நெனச்சா இன்னைக்கும் மனசு அரிக்குது. ஊர்க் கூட்டத்துல ஒருத்தர் எந்திரிச்சுப் பேசுனாரு, யாரும் கேக்கலை.

2001ல ஒரே நாள்ல தடை வந்துச்சு. புலிக்கும் யானைக்கும் என்ன தண்டனையோ அதே தண்டனை. எங்ககிட்ட, "இத்தனை அங்குலத்துக்குக் கீழ எடுக்காதே, இத்தனை மாசம் மூடு"ன்னு கேட்டிருந்தா, கட்டுப்பட்டிருப்போம், சத்தியமாச் சொல்றேன். அந்தப் பக்கம் இலங்கையில அனுமதிச்சீட்டு கொடுத்து எடுக்க விடுறாக. இங்க முழுசாப் பூட்டுனதுல என்ன நடந்துச்சு? நேர்மையாத் தொழில் பண்ணுனவன் விட்டுட்டான். விடாதவன் ராத்திரியில கடத்துறான். வாரம் ஒரு தடவை பேப்பர்ல மூட்டை பிடிபட்ட சேதி வருது. பிடிபடுறது கூலிக்கு மூட்டை தூக்குனவன்தான்.

அதனால வழக்கம்னாலே நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். வெளியில இருந்து பணம் உள்ள வர்றப்ப வழக்கம் ஒடிஞ்சு போகும். ஒடிஞ்சதைக் கட்டுறதுக்கு அரசாங்கம் கை கொடுத்திருக்கணும். வெட்டித் தூக்கிப் போட்டுருச்சு.

---

பவளப்பார் | புதன், இரவு 10:40

கச்சான் ஐயா, உங்கள் பதிலை இரண்டு முறை வாசித்தேன். எங்கள் துறைக் கூட்டங்களில் யாரும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவதில்லை.

அக்கா சொன்ன குருசடைக் கதை உண்மை. அந்தப் பாசியைக் கையால் பிடுங்கி எடுக்கும் வேலையை நான் பார்த்திருக்கிறேன். பவளக் கிளைகளுக்கு நடுவே விரலை விட்டு ஒவ்வொரு துண்டாக எடுக்க வேண்டும். ஒரு துண்டு மிஞ்சினாலும் திரும்பப் படரும். அந்த வேலைக்குப் பாசிப் பெண்களைவிடப் பொருத்தமான கை வேறு இல்லை என்று அப்போதே தோன்றியது. சத்தமாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதே தீவுக்குக் குந்துகாலிலிருந்து சுற்றுலாப் படகு போகிறது என்பதையும் நான் இங்கே எழுதாமல் விட்டிருந்தேன். எழுதியிருக்க வேண்டும். டிக்கெட் வாங்கினவருக்குத் திறக்கிற தீவு, அங்கேயே பிழைத்தவருக்கு ஏன் மூடியிருக்கிறது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் அறிவியல் படித்தவனாக ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். உங்கள் அம்மாவும் அவர் கூட்டமும் கட்டுப்பாட்டோடு எடுக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். என்ன கட்டுப்பாடு, யார் மீறினால் என்ன ஆகும், பாசி திரும்ப வருகிறது என்று எப்படித் தெரியும்? அட்டைக்கு நடந்தது பாசிக்கு நடக்காது என்று எதை வைத்துச் சொல்வது? இதற்கு விடை இருந்தால், அதை அளந்து எழுதிக் கொடுக்க நான் தயார்.

---

பாசிக்காரி மகள் | வியாழன், இரவு 9:15

தப்பா நினைக்கலை தம்பி. இதைத்தான் யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன். அம்மாவையும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவையும் உக்கார வச்சுக் கேட்டு எழுதுறேன்.

முன்னாடி இரும்புக் கரண்டி, கம்பி வச்சுச் சுரண்டி எடுத்தவங்களும் இருந்தாங்க, உண்மை. சுரண்டினா வேரோட வரும், கல்லும் வரும். சுரண்டின இடத்துல அடுத்த வருஷம் பாசி இல்லைன்னு அவங்களே பார்த்தாங்க. அதனால சங்கமாக் கூடிப் பேசிக் கரண்டியை விட்டாங்க. இப்ப கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான். அம்மா என் கையைப் புடிச்சுக் காமிச்சாங்க: "அடித்தூரை விட்டு ஒரு விரக்கடை மேல கிள்ளு. தலைமுடியில பேன் எடுக்கிற மாதிரி. இழுக்காதே, கிள்ளு." இழுத்தா கல்லோட வர்ற சத்தம் தண்ணிக்குள்ள காதுல விழும்கிறாங்க. அந்தச் சத்தம் வந்தா பக்கத்துல முங்குறவ முதுகுல தட்டுவாளாம்.

மாசத்துல 12 நாள்தான் போவாங்க. அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. தண்ணி நல்லா வத்துறது அப்பதான், கால் பாவாம மிதந்துக்கிட்டே எடுக்கலாம். மத்த நாள்ல போறதில்லை. போனா கூட்டத்துல பேரு சொல்லி நிறுத்தி வைப்பாங்க, அடுத்த தடவை வத்தையில இடம் கிடையாது. எங்க பக்கத்துல இதைவிடப் பெரிய தண்டனை வேற இல்லை. ஏப்ரல் 15க்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்குறப்ப பாசியையும் நிறுத்திருவாங்க. பாசிக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. விசைப்படகுக்கு வந்த தடையைப் பார்த்து, மீனு முட்டை போடுற காலம்னா பாசியும் வளரட்டும்னு இவங்களா எடுத்த முடிவு.

2015ல சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளோட இயற்கையைக் காக்கிறவங்களுக்குக் கொடுக்கிற அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைச்சது இந்த ஒழுங்குக்காகத்தான். அவங்களும் பாசிக்குப் போறவங்கதான். கடல் கடந்து இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சது இங்க கரையில ஒரு நோட்டுல ஏறலை.

அட்டைக்கு நடந்தது பாசிக்கு நடக்காதான்னு கேட்டீங்க. நடக்கலாம். கச்சான் ஐயா சொன்ன மாதிரி முன்பணம்தான் பயம். எங்க பக்கத்துலயும் முன்பணம் கொடுக்கிற வியாபாரி உண்டு. அம்மாவே ஒரு தடவை தங்கச்சி பிரசவத்துக்கு வாங்கிட்டு, பதினாறு நாள் போனாங்க. கூட்டத்துல தலையைக் குனிஞ்சு நின்னாங்க. அதனாலதான் கேக்கிறோம்: 12 நாள், கையால மட்டும், தடைக்காலத்துல லீவு, இதையெல்லாம் அனுமதிச்சீட்டுல எழுதிக் கொடுங்க. மீறினா சீட்டைப் பிடுங்குங்க. கடன் சங்கம் வழியா வரட்டும், முன்பணம் ஒழியும். எந்தப் பாரை மூணு வருஷம் மூடணும்னு நீங்க அளந்து சொன்னா மூடிக்கிறோம். ஆனா மூடுற கூட்டத்துல நாங்களும் உக்காரணும்.

அடையாற்றுக்காரன் அண்ணே, நீங்க உக்காந்து தேடி வாசிச்சேன்னு எழுதினதை அம்மாகிட்ட சொன்னேன். "ஊருக்கு வரச் சொல்லு, மீன் குழம்பு வைக்கிறேன்"னாங்க.

பவளப்பார் தம்பி, அளக்கிற சட்டம், கயிறு எல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க. உங்ககிட்ட உள்ளே போக அனுமதிக் கடிதம் இருக்கும், எங்ககிட்ட இல்லை. அதனால கோட்டுக்கு வெளியே, கரையை ஒட்டின கல்லுல பார்க்கலாம், அங்கேயும் கொஞ்சம் மரிக்கொழுந்து இருக்கு. அம்மா கிள்ளின இடத்துல அடையாளம் கட்டி வையுங்க, ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்ப அளக்கலாம். வர்ற அமாவாசைக்கு முந்தின நாள் வந்துருங்க. அதை விட்டா பௌர்ணமி. அதுக்கப்புறம் ஏப்ரல் 15 ஆயிரும், அம்மா தண்ணியில இறங்க மாட்டாங்க.

---

பவளப்பார் | வியாழன், இரவு 9:52

அமாவாசைக்கே வருகிறேன் அக்கா. அம்மாவிடம் இருந்த கண்ணாடி போய்விட்டது என்றீர்களே, என்னிடம் இரண்டு இருக்கிறது. எடுத்து வருகிறேன்.